புதுப்பிப்பு: அசெம்பிளி டிராயிங்கில் அளவோடு ஜியோமெட்ரிக் டாலரன்ஸை ஒட்டுவது

முந்தைய இழையில் கேட்டது இது: மோட்டார் பேஸ் அசெம்பிளி டிராயிங்கில் நாலு துளைக்கும் போட்ட பொசிஷன் கட்டம் (துளையின் இடம் எவ்வளவு விலகலாம் என்று சொல்லும் ஜியோமெட்ரிக் டாலரன்ஸ்), அளவை நகர்த்தினால் கூடவே வராமல் தனியே நிற்கிறது. வழி சொன்ன அண்ணாச்சிமாருக்கு நன்றி.

சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் துளையின் விட்டத்தைக் (டயாமீட்டர்) காட்டும் அளவைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஜியோமெட்ரிக் டாலரன்ஸைக் கொடுங்கள். ஏற்கெனவே தனியாகக் கிடந்தால் இழுத்து அளவின் மேல் விட்டால் ஒட்டிக்கொள்ளும். இது அழகுக்காக மட்டும் அல்ல. தண்டுக்கு நேர்த்தன்மை போடும்போது, கட்டம் விட்டத்தின் அளவோடு இருந்தால் அது அச்சுக்கு. கோடு இழுத்துப் பரப்பைத் தொட்டால் பரப்புக்கு.

அடுத்தது பொசிஷன் டாலரன்ஸின் மதிப்பு. எம்10 போல்ட், குறைந்தபட்சத் துளை 11 மிமீ. இரண்டு தட்டிலும் வெறும் துளை என்றால், எம்எம்சி குறியோடு (துளை மிகச் சிறியதாக இருக்கும் நிலைக்கு இந்த மதிப்பு என்று பொருள்) தட்டுக்குத் தட்டு 1 மிமீ தாராளமாகக் கொடுக்கலாம். அடித்தட்டில் மரை என்றால் அதே 1 மிமீயைப் பங்கு போட வேண்டும்: 0.5, 0.5. மரைத்துளைக்கு மேல்தட்டின் தடிமன் அளவுக்கு ப்ரொஜெக்டட் ஸோன் (துளைக்கு வெளியே, போல்ட் நீளும் பகுதிக்கும் டாலரன்ஸை நீட்டுவது) சேருங்கள். மரை சாய்ந்திருந்தால் வாயில் அளவு சரியாகவே காட்டும். ஆனால் 20 மிமீ மேலே போல்ட் மேல்தட்டில் முட்டும்.

துளைகளின் இடைவெளி அளவுகளை பேசிக் பெட்டிக்குள் (தனியாக ± இல்லாத, துல்லிய இடத்தை மட்டும் சொல்லும் அளவு) போடுங்கள். அங்கே ±0.2 மிச்சமிருந்தால் ஒரே துளைக்கு இரண்டு விதி. பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ட்ரில் போடுகிறவர் எதைப் பிடிப்பார்?

பார்ட் டிராயிங்கில் உள்ளதை அசெம்பிளியில் திரும்ப எழுத வேண்டாம். பூட்டிய பிறகு துளைக்கும் டவல் துளை (இடம் மாறாமல் பிடிக்கும் பின்னுக்கானது), பூட்டிய பிறகு பார்க்கும் செங்குத்து, இவை போதும். டேட்டம் ஏ (அளவெடுக்க அடிப்படையாக வைக்கும் முதல் பரப்பு) எந்தப் பரப்பு என்பதை அசெம்பிளி டிராயிங்கிலேயே குறித்துவிடுங்கள்.