டெக்சாஸ் இயன்முறை மருத்துவ உரிமம்: மதிப்பீட்டு அறிக்கையில் "சமமானதன்று" என்று வந்திருக்கிறது, அடுத்து என்ன செய்வது?

நொய்யல்:

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் படித்து, 2012ஆம் ஆண்டு பி.பி.டி. என்னும் இளநிலை இயன்முறை மருத்துவப் பட்டம் முடித்தவள். பட்டம் வழங்கியது கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். அதன்பிறகு ஒன்பது ஆண்டுகள் எலும்பு மூட்டுச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றினேன். இப்போது கணவரின் வேலை காரணமாக டாலஸை அடுத்த இர்விங்கில் இருக்கிறேன். கணவரைச் சார்ந்து வந்த ஹெச்-4 விசாதான், வேலை அனுமதி அட்டை சென்ற ஆண்டு கைக்கு வந்தது.

உரிமம் பெறுவதற்காகச் சான்றிதழ்களை ஒரு மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஏழு மாதங்களுக்குப் பிறகு, என் படிப்பு அமெரிக்கப் படிப்புக்குச் "சமமானதன்று" என்று அறிக்கை வந்திருக்கிறது. பொதுக் கல்விப் பாடங்களில் கிரெடிட் (படித்த பாட அளவைக் கணக்கிடும் அலகு) குறைவு என்கிறார்கள். தொழிற்பாடங்களில் மூன்று தலைப்புகளுக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கிறது: மற்றொரு மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய நோயாளியை இனங்காணுதல், சான்றின் அடிப்படையில் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தல், நிர்வாகமும் மேற்பார்வையும். முதல் தலைப்பைத்தான் ஒன்பது ஆண்டுகளாக நாள்தோறும் செய்துகொண்டிருந்தேன் என்பதால், அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தபோது அழுகையைவிடச் சிரிப்புத்தான் வந்தது.

நிறுவனத்தைக் கேட்டால் உரிமம் தரும் மாநில வாரியத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். வாரியத்துக்கு எழுதினால் மதிப்பீடு நிறுவனத்தின் வேலை என்று பதில் வருகிறது. தேர்வு நடத்தும் கூட்டமைப்போ இரண்டு பேரையும் கைகாட்டுகிறது. இனி இங்குள்ள மூன்றாண்டு முனைவர் நிலைப் படிப்பான டி.பி.டி. படித்தால்தான் வழியா? இதற்கிடையில், தெரிந்த ஒருவர் தம் கிளினிக்கில் "உதவியாளர் என்று பெயருக்கு இருங்கள், நோயாளிகளை நீங்களே பாருங்கள்" என்று அழைக்கிறார். அதை ஏற்கலாமா?

குருவிக்கூடு:

வணக்கம் சகோதரி. நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். இதே பாதையில் வந்து 2017இல் உரிமம் பெற்றவன். உங்களைப் பந்தாடுவதாகத் தோன்றினாலும், மூவரும் சொல்வது அவரவர் அளவில் சரிதான். யார் எதைத் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உரிமம் தருவதும் பறிப்பதும் டெக்சாஸ் இயன்முறை மருத்துவத் தேர்வாளர் வாரியம் மட்டுமே. ஆளுநர் நியமிக்கும் ஒன்பது உறுப்பினர்களில் ஆறு பேர் நம் தொழிலைச் சேர்ந்தவர்கள், மூன்று பேர் பொதுமக்களின் பிரதிநிதிகள். தொழிற்சட்டம் மாநிலத் தொழில்கள் சட்டத் தொகுப்பின் 453ஆம் அத்தியாயம்; அதன்கீழ் விதிகளை எழுதுவதும் இவர்களே. நம் ஊர்க்காரர்கள் பலர் இதைத் தொழிற்சங்கம் போல எண்ணிக்கொண்டு, தங்களுக்காக வாதாடும் என்று எதிர்பார்க்கிறார்கள். வாதாடுவதற்குத் தனிச் சங்கம் இருக்கிறது. வாரியம் நோயாளிகளைக் காக்க ஏற்படுத்தப்பட்டது. உங்கள் ஒன்பது ஆண்டு அனுபவத்தை அது மதிக்கலாம், ஆனால் அதைப் படிப்புக் கிரெடிட்டாக மாற்றித் தராது.

கூட்டமைப்பு எனப்படும் எஃப்.எஸ்.பி.பி.டி. எல்லா மாநில வாரியங்களும் சேர்ந்து அமைத்த அமைப்பு. உரிமத்துக்கான தேசியத் தேர்வாகிய என்.பி.டி.இ.யை நடத்துவதும், வெளிநாட்டுப் படிப்பை அளக்கும் "பாடக் கருவி"யைத் தயாரிப்பதும் அதன் வேலை. மதிப்பீட்டு நிறுவனம் அந்தக் கருவியை உங்கள் காகிதங்களின்மேல் வைத்து அளக்கிறது, அவ்வளவே. ஆகவே அறிக்கை தவறென்று தோன்றினால் முறையிட வேண்டிய இடம் நிறுவனம். குறையை எதைக் கொண்டு நிரப்பினால் ஏற்பார்கள் என்று கேட்க வேண்டிய இடம் வாரியம். கருவிக்கு ஆறு பதிப்புகள் உள்ளன. உங்களை எந்தப் பதிப்பால் அளந்தார்கள் என்பதை அறிக்கையில் பார்த்து, வாரியம் உங்களிடம் எதிர்பார்ப்பது அதே பதிப்பைத்தானா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் கேட்ட பதில் பிற்பாடு உதவாது.

டி.பி.டி. கட்டாயமில்லை. இங்குள்ள கல்லூரிகள் அனைத்தும் முனைவர் நிலைப் பட்டத்துக்கு மாறிவிட்டதால் அப்படி ஒரு பேச்சு உலவுகிறது. வெளிநாட்டில் படித்தவரிடம் வாரியம் பார்ப்பது பட்டத்தின் பெயரையன்று, பாடங்களின் சமநிலையை.

இப்போது என் கேள்வி. கல்லூரி அனுப்பிய பாடத்திட்டம் எத்தனை பக்கம்?

நொய்யல்:

மிக்க நன்றி அண்ணா. கேள்வியைப் பார்த்ததும் நகலை எடுத்துப் பார்த்தேன். பதினான்கு பக்கங்கள்தாம். பாடத் தலைப்பும் மொத்த மணி நேரமும் இருக்கின்றன. அலகு வாரியான விவரம் இல்லை. மூன்று பக்கங்களில் முதல்வரின் ரப்பர் முத்திரை மணி நேரக் கட்டத்தின் மேலேயே விழுந்து, எண் படிக்க முடியாமல் போயிருக்கிறது.

குருவிக்கூடு:

நோய் அங்கேதான் இருக்கிறது. மதிப்பீட்டாளர் கோயம்புத்தூரையும் அறியார், உங்களையும் அறியார். அவர் முன்னால் இருப்பது அந்தப் பதினான்கு பக்கம் மட்டும். நம் பாடத்திட்டத்தில் "மற்றவரிடம் அனுப்ப வேண்டிய நோயாளியை இனங்காணுதல்" என்ற பெயரில் ஒரு பாடம் இருக்காது. ஆனால் பொது மருத்துவம், எலும்பியல், நரம்பியல் தாள்களுக்குள் முதுகுவலியோடு வருபவருக்குப் புற்றுநோயோ, காசநோயோ, வால்நரம்புக் கொத்து அழுத்தமோ (முதுகுத்தண்டின் அடியில் நரம்புகள் நசுங்குவது) இருக்கக்கூடும் என்று எப்படிச் சந்தேகிப்பது என்பதைப் படித்திருப்போம். அது அலகு விவரத்தில்தான் தெரியும்.

நான் செய்தது இதுதான். கல்லூரியிடமிருந்து முழுப் பாடத்திட்டத்தை, வகுப்பறை, செய்முறை, மருத்துவமனைப் பயிற்சி என்று மணி நேரம் பிரித்து, பெற்றேன். அந்த மூன்றையும் கிரெடிட்டாக மாற்றும் கணக்கு வேறு வேறு என்பதால் மொத்தமாக "200 மணி நேரம்" என்று எழுதுவது நமக்கே நட்டம். பிறகு குறை என்று காட்டிய ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே, "தாள் இது, அலகு இது, பக்கம் இது" என்று இரண்டு பக்கத்தில் ஓர் அட்டவணை எழுதி மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தேன். பாடத்திட்டம் மட்டும் கல்லூரியிலிருந்தே உறையிட்டு நேராகப் போக வேண்டும். நாம் அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முத்திரையை ஓரத்தில் குத்தச் சொல்ல மறக்காதீர்கள்.

பொதுக் கல்விக் குறை உண்மையான குறை. அதை வாதாடி வெல்ல முடியாது. இங்குள்ள மாணவர் ஓர் இளநிலைப் பட்டம் முடித்துவிட்டுத்தான் நம் படிப்புக்கு வருகிறார், நாமோ பிளஸ் டூ முடித்த கையோடு உடற்கூறியலில் குதித்தவர்கள். இலக்கியம், சமூகவியல் போன்றவற்றுக்கு நமக்கு நேரமே இருக்கவில்லை. சமுதாயக் கல்லூரியில் படித்தோ, வகுப்புக்குப் போகாமலே கல்லூரிக் கிரெடிட் பெற உதவும் கிளெப் தேர்வுகள் எழுதியோ நிரப்பலாம். கிளெப்பில் 20 முதல் 80 வரை மதிப்பெண். பொதுவாக 50 எடுத்தால் கிரெடிட்.

பழைய ரேகை:

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் எழுதுகிறேன். அந்த அழைப்பை ஏற்காதீர்கள்.

உதவியாளராக வேலை செய்வது குற்றமன்று. உரிமம் பெற்றவர் அதே இடத்தில் இருந்து மேற்பார்வையிட, அவர் சொன்ன பயிற்சியைச் செய்விக்க உதவலாம். ஆனால் நோயாளியை ஆராய்வது, சிகிச்சைத் திட்டம் வகுப்பது, திட்டத்தை மாற்றுவது ஆகியவை உதவியாளரின் கையில் வந்துவிட்டால், அது உரிமமின்றித் தொழில் செய்வதாகும். சிகிச்சைக் குறிப்பில் கையெழுத்திட்ட உரிமதாரருக்கும் அதே புகாரில் நடவடிக்கை வரும்.

பட்டப்பெயர் விஷயத்தில் நானே அடிபட்டவள். உரிமம் வருவதற்கு முன்பு, எங்கள் பகுதியில் நடந்த ஒரு இலவச உடல்நல முகாமுக்கு வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பிதழில் என் பெயருக்குப் பின்னால் "பிசியோதெரபிஸ்ட்" என்று போட்டிருந்தார்கள். இங்கே தொழிலின் பெயர் வேறு, இந்தச் சொல் இந்தியப் பட்டத்தைத்தானே குறிக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். டெக்சாஸ் சட்டத்தின் விளக்கப் பகுதியைப் படித்துப் பாருங்கள். இயன்முறை மருத்துவர் என்ற சொல்லுக்குள் பிசியோதெரபிஸ்ட், ஹைட்ரோதெரபிஸ்ட், கினிசியோதெரபிஸ்ட் என்று ஒரு வரிசையையே அடக்கியிருக்கிறார்கள். யாரோ புகார் செய்ய, விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. காசு வாங்காததாலும் யாரையும் தொடாததாலும் எச்சரிக்கையோடு முடிந்தது. ஆனால் பிறகு உரிமத்துக்கு விண்ணப்பித்தபோது அந்தக் கடிதத்தையும் என் விளக்கத்தையும் நானே இணைக்க வேண்டியிருந்தது. மறைத்திருந்தால் பொய் சொன்னதற்காகத் தனி நடவடிக்கை வந்திருக்கும். உரிமம் வந்தபின் எடுக்கப்படும் ஒழுங்கு நடவடிக்கைகளோ வாரியத்தின் தளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கும்; தேசியத் தரவுத்தளத்துக்கும் போகும்; வேறு மாநிலத்துக்கு மாறினாலும் கூடவே வரும்.

கோயிலில் மாமிமார் முட்டிவலிக்கு வழி கேட்பார்கள். "மருத்துவரைப் பாருங்கள் மாமி" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். எனக்கு அதுதான் மிகக் கடினமாக இருந்தது.

ஆரஞ்சுத் தோட்டம்:

நான் கலிஃபோர்னியாவில் இருப்பவன். வேறு மாநிலத்தில் எளிதாக உரிமம் வாங்கி டெக்சாஸுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாரேனும் சொல்வார்கள் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். ஒவ்வொரு மாநிலச் சட்டமும் வேறு. எங்கள் வாரியம் வெளிநாட்டில் படித்தவரிடம், உரிமம் பெற்றவரின் மேற்பார்வையில் ஒன்பது மாதம் வரையிலான மருத்துவமனைப் பயிற்சியைக் கேட்கும். டெக்சாஸ் நண்பர்களிடம் அந்தப் பேச்சே இல்லை. மருத்துவரின் பரிந்துரையின்றி வரும் நோயாளிக்கு நாங்கள் 45 நாள் அல்லது 12 முறை, எது முந்துகிறதோ அதுவரை, சிகிச்சை தரலாம். டெக்சாஸில் 2019இல் வந்த சட்டப்படி பத்து வேலை நாள். அதற்கும் முனைவர் பட்டமோ 30 மணி நேரக் கூடுதல் கல்வியோ வேண்டும். ஒரு மாநிலத்தின் அறிவுரையை மற்றொன்றில் அப்படியே பின்பற்றாதீர்கள்.

குருவிக்கூடு:

ஆமாம். மாற்றிக்கொள்ளும்போதும் புதிய மாநிலம் வெளிநாட்டுப் படிப்பைத் திரும்பத் தோண்டிப் பார்க்கும். வாழும் மாநிலத்திலேயே முடிப்பது நல்லது. அதன்பின் மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தின் வழியாக ஓக்லஹோமா, லூயிசியானா போன்ற உறுப்பு மாநிலங்களில் பணி செய்யும் உரிமையைத் தனியே பெறலாம்.

மேலும் ஒன்று, வரிசை முக்கியம். ஆங்கிலத் திறனுக்காகக் கேட்கும் டோஃபெல் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். ஆங்கில வழியில் படித்தோம் என்பதற்காக இந்தியர்களுக்கு விலக்குக் கிடையாது. மறுபரிசீலனை முடியும் தறுவாயில் எழுதுங்கள். நான் அவசரப்பட்டு முதலிலேயே எழுதி, காலாவதியாகி, இரண்டாம் முறை பணம் கட்டினேன்.

நொய்யல்:

தேர்வைப் பற்றி ஒரு ஐயம். ஒரு டெலிகிராம் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். சென்ற முறை தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து எழுதிய கேள்விகள் என்று பகிர்கிறார்கள். எல்லோரும் படிக்கிறார்களே என்று இருந்துவிட்டேன்.

பழைய ரேகை:

இப்போதே வெளியேறுங்கள்; இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே. தேர்வுக்கு முன் கேள்விகளை வெளியிட மாட்டேன், பெற மாட்டேன் என்று உறுதிமொழி இடுவீர்கள். மீறினால் மதிப்பெண் செல்லாதென அறிவிக்கவும் வாரியத்துக்குத் தெரிவிக்கவும் கூட்டமைப்புக்கு உரிமை உண்டு. 2010 ஜூலையில் என்ன நடந்தது என்று மூத்தவர்களைக் கேளுங்கள். கேள்விகள் கூட்டமாகப் பகிரப்படுவதைக் காரணம் காட்டி இந்தியா, பிலிப்பைன்ஸ், எகிப்து, பாகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளில் படித்தவர்கள் தேர்வெழுதுவதையே கூட்டமைப்பு நிறுத்திவைத்தது. பிறகு அவர்களுக்கென்று ஆண்டுக்கொருமுறை தனித் தேர்வு வைத்தது. கேள்வியையே பார்த்திராத பல்லாயிரம் பேரும் சேர்ந்து அதற்கு விலை கொடுத்தார்கள். அந்தத் தனித் தேர்வு பின்னர் கைவிடப்பட்டது.

நேர்வழியில் எழுதினாலும் வாய்ப்புகள் எண்ணப்பட்டவை: 12 மாதத்தில் மூன்று முறை, வாழ்நாளில் ஆறு முறை. மதிப்பெண் அளவுகோல் 200 முதல் 800, தேர்ச்சிக்கு 600. இரண்டு முறை 400 அல்லது அதற்குக் கீழே போனால் கதவு மூடிவிடும். ஆகவே "சும்மா ஒருமுறை எழுதிப் பார்ப்போம்" என்று போகாதீர்கள்.

நொய்யல்:

ஐந்து மாதங்களுக்குப் பிறகு வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். டெலிகிராம் குழுவிலிருந்து அன்றே விலகிவிட்டேன். கிளினிக் அழைப்பையும் மறுத்துவிட்டேன். அவர் இன்றுவரை பேசவில்லை.

கல்லூரியில் என் பழைய பேராசிரியை ஒருவர் முழுப் பாடத்திட்டத்தையும் தேடி எடுத்துத் தந்தார். 96 பக்கம். பக்க எண்களோடு அட்டவணை அனுப்பியதில், காலியாக இருந்த மூன்று கட்டங்களில் இரண்டு நிரம்பிவிட்டன. நிர்வாகமும் மேற்பார்வையும் மட்டும் நிற்கிறது. அதற்கு ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பாடத்தை வாரியம் ஏற்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு சேர்ந்திருக்கிறேன். கிளெப்பில் சமூகவியல் முடிந்தது, உளவியல் அடுத்த வாரம். மாநிலச் சட்டத்தைப் பற்றிய இணையத் தேர்வைத் திறந்து பார்த்தேன். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்பது சற்று ஆறுதல். கைரேகை கொடுக்கப் போனபோது, ஒன்பது ஆண்டு மெழுகு ஒத்தடமும் எண்ணெயும் சேர்ந்து ரேகையைத் தேய்த்துவிட்டதோ என்னவோ, இரண்டு விரல்களை நான்கு முறை வைக்கச் சொன்னார்கள்.

ஏப்ரல் தேர்வுக்குப் பதிவு செய்வதா, ஜூலைக்கா என்பதுதான் இப்போது என் கேள்வி.

குருவிக்கூடு:

ஜூலை. பதிவுக்கான கடைசி நாள் தேர்வுக்குப் பல வாரங்கள் முன்பே வந்துவிடும். அதற்குள் அந்த இணையப் பாடத்தின் மதிப்பெண் சான்று நிறுவனத்துக்குப் போய், திருத்திய அறிக்கை வாரியத்துக்கு வந்து, வாரியம் உங்களுக்கு அனுமதி தந்திருக்க வேண்டும். டோஃபெல் தேதியை மட்டும் இன்றே குறித்துவிடுங்கள்.