தொந்தரவே இல்லை, ஆனால் ஹெச். பைலோரி பாசிட்டிவ்: மருந்து எடுக்கணுமா, வேண்டாமா?

கோவைக்காரன்:
வணக்கம். எனக்கு வயது 44. அலுவலகத்தில் வருடாந்திர உடல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சரி. கடைசிப் பக்கத்தில் மட்டும் 'ஹெலிகோபாக்டர் பைலோரி ஐஜிஜி: பாசிட்டிவ்' என்று இருந்தது. வயிற்றில் எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. நெஞ்செரிச்சல்கூட தீபாவளி சமயத்தில் மட்டும்தான். அங்கிருந்த மருத்துவர் ரிப்போர்ட்டை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, காலையும் இரவும் மூன்று மாத்திரை வீதம் ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை. விழுங்கவா, விட்டுவிடவா?

மருந்துக்கடை முத்து:
பிரிக்க வேண்டாம் தம்பி. இருபத்திரண்டு வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன் சொல்கிறேன். ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியா. ரத்தத்தில் அதற்கு எதிரான ஐஜிஜி ஆன்டிபாடி இருந்தால், அந்தக் கிருமியை உங்கள் உடம்பு எப்போதோ சந்தித்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போது வயிற்றில் குடியிருக்கிறதா என்று அது சொல்லாது. கிருமி போன பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் அந்த ஆன்டிபாடி ரத்தத்தில் நிற்கும்.

அப்புறம், நம் நாட்டில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி உண்டு. பெரும்பாலோர் அப்படி ஒன்று வயிற்றில் இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். பாசிட்டிவ் வந்தவருக்கெல்லாம் பவர் மாத்திரை கொடுப்பது என்று ஆரம்பித்தால் எங்கே போய் முடியும்?

நுண்ணோக்கி:
முத்து சார் சொன்னதில் முதல் பத்தியை அப்படியே ஏற்கிறேன். இரண்டாவது பத்தியில்தான் எனக்குச் சண்டை. (கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன், மருத்துவர் அல்ல.)

'தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்' என்கிறீர்கள். தொந்தரவு இல்லை என்பதால் வயிறு நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. இந்தக் கிருமி குடியேறிய இரைப்பையில் பயாப்சி, அதாவது சிறு திசுத் துண்டு, எடுத்துப் பார்த்தால் அநேகமாக எல்லோருக்குமே உட்சுவரில் அழற்சி இருக்கும். 2015இல் வெளிவந்த, நிபுணர்களின் கியோட்டோ ஒருமித்த அறிக்கை அதனால்தான் இதை ஒரு தொற்றுநோய் என்றே வகைப்படுத்தியது. வேறு வலுவான காரணம் இல்லாவிட்டால், தொற்று உள்ள எல்லோருக்கும் சிகிச்சை தரலாம் என்றும் சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே இதை முதல் வகைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டது. புகையிலை இருக்கும் அதே பட்டியல்.

கத்திரி வெயில்:
இது எல்லாம் மருந்து கம்பெனி வேலை. நேரத்துக்குச் சாப்பிடாமல் காரத்தை அள்ளிப் போட்டால் அல்சர் வரத்தான் செய்யும். எங்கள் பாட்டி மணத்தக்காளிக் கீரையும் மோரும் கொடுத்தே எல்லாருக்கும் சரி பண்ணினார். கிருமியாம், கிருமி.

நுண்ணோக்கி:
மணத்தக்காளியை நான் குறை சொல்லமாட்டேன், எங்கள் வீட்டிலும் வாரம் ஒருமுறை உண்டு. ஆனால் கம்பெனி கதையை நீங்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்.

1970களின் பிற்பகுதியில் சிமெடிடின், அடுத்து ரானிடிடின். உலகத்திலேயே அதிகம் விற்ற மருந்துகள் இவை. அமிலத்தைக் குறைக்கும், புண் ஆறும், மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வரும். மறுபடி வாங்கு. வியாபாரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த நேரத்தில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் இரைப்பைத் திசுக்களில் வளைந்த பாக்டீரியாக்களைப் பார்க்கிறார். 1979. அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று பாடப்புத்தகமே சொன்ன காலம். யாரும் சட்டை செய்யவில்லை. 1981இல் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்கிறார். கிருமியை வளர்க்கப் பார்க்கிறார்கள், வளரவே இல்லை. வழக்கமாக இரண்டு நாளில் தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதல் நாட்கள் அப்படியே கிடந்தன, கிருமி வளர்ந்துவிட்டது! மெதுவாக வளரும் ஜாதி, அவ்வளவுதான் விஷயம்.

அப்படியும் நம்பாதவர்களுக்காக மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி, வாய் நாற்றம். எண்டோஸ்கோபியில் அழற்சி தெரிந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. ஆயுள் முழுக்க விழுங்க வேண்டிய மாத்திரைக்குப் பதில் இரண்டு வார ஆன்டிபயாடிக் போதும் என்று காட்டிய கண்டுபிடிப்பு இது. இதில் கம்பெனிக்கு என்ன லாபம்?

மருந்துக்கடை முத்து:
கதை அருமை, மேடம். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். குடித்த மார்ஷலுக்கு அல்சர் வரவில்லை, வந்தது அழற்சி மட்டும்தான். என் பேச்சும் அதுதான். கிருமி இருக்கும் நூறு பேரில் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் புண் வரும். புற்றுநோய் ஒருவருக்கோ இருவருக்கோ. மீதிப் பேருக்கு எதற்கு மருந்து?

இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை கோடிப் பேர் வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறது. ஜப்பான், கொரியா அளவுக்கு இங்கே இரைப்பைப் புற்றுநோய் இருக்கிறதா? இல்லை. இதை 'இந்தியப் புதிர்' என்றே ஆராய்ச்சியாளர்கள் எழுதுகிறார்கள். கிருமி வேறு ரகமா, நம் சாப்பாடா, மரபணுவா என்று இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். புதிர் அவிழும் முன்பே அங்கே எழுதிய வைத்தியத்தை இங்கே காப்பியடிக்க வேண்டுமா?

நுண்ணோக்கி:
இந்தியா முழுக்கச் சராசரி எடுத்தால் அப்படித்தான் தெரியும். மிசோரமைப் பாருங்கள். ஐஸ்வாலில் இரைப்பைப் புற்றுநோய் நாட்டிலேயே உச்சம். நம் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் ஆண்களின் முன்னணிப் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக இருந்துவருகிறது. சராசரி என்பது தலை அடுப்பிலும் கால் ஐஸிலும் இருக்கிறவனுக்குக் காய்ச்சல் இல்லை என்பது மாதிரி.

ஒழித்தால் பலன் உண்டா என்பதற்கும் சான்று இருக்கிறது. தைவானுக்குச் சொந்தமான மாட்சு தீவுகளில் 2004 முதல் ஊர் மக்கள் எல்லோரையும் சோதித்து, கிருமி இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். 64 சதவீதமாக இருந்த தொற்று 15 சதவீதமாக இறங்கியது. இரைப்பைப் புற்றுநோய் 53 சதவீதம் குறைந்தது.

மருந்துக்கடை முத்து:
மாட்சு ஒரு குட்டித் தீவு. அங்கே ஒருமுறை ஒழித்தால் திரும்ப ஒட்டுவது வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. இங்கே குடிதண்ணீரும் கழிப்பிடமும் இருக்கிற லட்சணத்தில் அதே கணக்கு வருமா? பெரிய ஆய்வைச் சொல்லுங்கள் என்றால் சீனாவின் லின்சூ இருக்கிறது. ஷான்டோங் மாகாணத்துக் கிராமங்கள், 1,80,000 பேர், ஏறக்குறைய 12 வருடம். 2024இல் முடிவு வந்தது. முழு அளவு மருந்து கொடுத்த கிராமங்களில் புற்றுநோய் 14 சதவீதம்தான் குறைவு. 53 எங்கே, 14 எங்கே?

கடைப் பக்கத்திலிருந்தும் பாருங்கள். ஏழு நாள் மாத்திரை எழுதினால் மூன்று நாளைக்கு மட்டும் வெட்டிக் கொடுங்கள் என்பார்கள். நாலாம் நாள் வாயெல்லாம் துரு ருசி, வயிறு போகிறது என்று மீதியையும் போடமாட்டார்கள். செத்தது போக மிச்சம் இருக்கும் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். இந்தக் கிருமிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்குகளில் மெட்ரோனிடசோலை நாம் வயிற்றுப்போக்குக்கெல்லாம் மிட்டாய் மாதிரி தின்று தீர்த்தாயிற்று. கிளாரித்ரோமைசினும் அதே வழியில் போகிறது. அதற்குப் படியாத ஹெச். பைலோரியை உலக சுகாதார நிறுவனம் 2017இல் புது மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் சேர்த்தது.

ஒசாகா ஓரம்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். 11 வருடமாக ஜப்பானில் இருக்கிறேன். இங்கே 2013 முதல் இந்த அழற்சிக்கான சிகிச்சையைத் தேசிய காப்பீடே ஏற்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: முதலில் எண்டோஸ்கோபி செய்து அழற்சி இருக்கிறது என்று உறுதி செய்யணும். ரத்தச் சீட்டை மட்டும் காட்டினால் மருந்து கிடையாது. எனக்கும் இருந்தது. வோனோபிரசான் என்ற அமிலக் குறைப்பு மருந்தோடு இரண்டு ஆன்டிபயாடிக், ஏழு நாள். ஏழே நாளில் போய்விட்டது. அதனால் கோவைக்காரருக்கும் ஏழு நாள் போதும் என்று நினைக்கிறேன்.

மருந்துக்கடை முத்து:
அங்கே ஏழு நாள் செல்லும் என்பதால் இங்கேயும் செல்லும் என்று சொல்ல முடியாது, சார். எந்த ஊர்க் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்பதை வைத்துத்தான் கணக்கு. கிளாரித்ரோமைசின் கேட்காத கிருமியாக இருந்தால் ஏழு நாள் மாத்திரை வெறும் செலவு.

நுண்ணோக்கி:
இதில் முத்து சார் பக்கம்தான் நானும். கிளாரித்ரோமைசின் உள்ள பழைய மூன்று மருந்துக் கூட்டணியை, கிருமி அதற்குக் கேட்கும் என்று சோதித்துப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது என்பதுதான் இப்போதைய நிலை. அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்களின் அமைப்பு 2024இல் தந்த வழிகாட்டுதலில் முதல் தேர்வு நான்கு மருந்துக் கூட்டு: அமிலக் குறைப்பு மாத்திரை, பிஸ்மத் உப்பு, டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு ஆன்டிபயாடிக். 14 நாள்.

லின்சூ கணக்குக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒப்பீட்டுக் கிராமங்களில் போலி மாத்திரை கொடுக்கவில்லை, குறைந்த அளவு மருந்து கொடுத்தார்கள். அதனால் வித்தியாசம் சிறியதாகத் தெரிகிறது. கிருமி உண்மையிலேயே ஒழிந்தவர்களில் பலன் அதிகம். அதிலும் 45 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இன்னும் அதிகம். இரைப்பைச் சுவர் தேய்ந்து மாறிய பிறகு கிருமியை விரட்டுவது, வெள்ளம் வந்த பிறகு கரையை அடைக்கிற வேலை.

கோவைக்காரன்:
இவ்வளவு பேசுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. முதல் பதிவில் சொல்லாத ஒன்று இருக்கிறது. முக்கியம் என்று அப்போது தோன்றவில்லை. என் அப்பா இரைப்பைப் புற்றுநோயில்தான் போனார், 61 வயதில். பரிசோதனைப் படிவத்தில் குடும்ப வரலாறு என்று ஒரு கட்டம் இருந்தது. 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டேன். சர்க்கரை, இதய நோய்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

மருந்துக்கடை முத்து:
தம்பி, இதை அல்லவா முதலில் சொல்லியிருக்கணும்.

நான் மேலே எழுதியதெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் இருந்தால் கதையே வேறு. கொரியாவில் இப்படிப்பட்ட குடும்பத்தினரை மட்டும் எடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2020இல் வெளிவந்தது. ஒன்பது வருடத்துக்கு மேல் பார்த்ததில், மருந்து கொடுத்த குழுவில் 1.2 சதவீதம் பேருக்குப் புற்றுநோய், போலி மாத்திரை கொடுத்த குழுவில் 2.7 சதவீதம் பேருக்கு. பாதிக்கும் கீழே. இதை மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனாலும் கையில் இருக்கும் அந்த அட்டையைப் பிரிக்காதீர்கள். குடல் நோய் மருத்துவர் ஒருவரிடம் போய் அப்பா விஷயத்தை முதல் வரியாகச் சொல்லுங்கள். எண்டோஸ்கோபி வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும்.

நுண்ணோக்கி:
கிருமி இப்போது இருக்கிறதா என்று பார்க்க மூச்சுச் சோதனை அல்லது மல ஆன்டிஜென் சோதனை. இந்தக் கிருமி அமிலத்தில் பிழைப்பதே யூரியாவை உடைத்து அம்மோனியாவைச் சுற்றிப் போர்த்திக்கொள்வதால்தான். அதையே பொறியாக வைக்கிறார்கள். அடையாளக் கார்பன் உள்ள யூரியாவைக் கொடுத்து, அந்தக் கார்பன் மூச்சில் வருகிறதா என்று பார்ப்பார்கள். ஆன்டிபயாடிக் எடுத்து நான்கு வாரமாவது ஆகியிருக்கணும். கேஸ் மாத்திரை போடுகிற பழக்கம் இருந்தால் இரண்டு வாரம் நிறுத்தியிருக்கணும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும்.

கத்திரி வெயில்:
சரி, கோவைக்காரருக்கு மருந்து. நான் சொன்ன மோரில் தப்பில்லையே?

மருந்துக்கடை முத்து:
மோர் குடிக்கலாம் ஐயா. டெட்ராசைக்ளின் மாத்திரையோடு சேர்த்து மட்டும் வேண்டாம். பால், தயிர், மோர் எல்லாம் அந்த மருந்தை உடம்பில் ஏறவிடாது.

கோவைக்காரன்:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எண்டோஸ்கோபியில் அழற்சி இருந்தது, பயாப்சியில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. மூச்சுச் சோதனை பாசிட்டிவ். நான்கு மருந்து, 14 நாள். பிஸ்மத்துக்கும் டெட்ராசைக்ளினுக்கும் எட்டுக் கடை ஏறி இறங்கினேன். இன்று ஒன்பதாம் நாள். நாலாம் நாள் காலையில் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. ரத்தம்தான் கசிகிறது என்று உடனே மருத்துவமனைக்குப் போன் போட்டேன். பிஸ்மத் அப்படித்தான் கறுப்பாக்கும், நாக்கும் கறுக்கும், பயப்படாதீர்கள் என்றார்கள். முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் பத்து ரூபாய் நாணயத்தைச் சப்புகிற ருசி வேறு. ஃபில்டர் காபியை மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறேன், அதுதான் பெரிய தியாகம்.

ஒரு கேள்வி மிச்சம். மனைவிக்கும் பையனுக்கும் சோதிக்கணுமா? பையனுக்கு 12 வயது.

நுண்ணோக்கி:
சோதிக்கலாம். பெரும்பாலும் சிறு வயதில் வீட்டுக்குள்தான் இது ஒட்டுகிறது. சீனாவில் குடும்பத்தையே ஒரு அலகாக வைத்துச் சோதிக்கச் சொல்லும் ஒருமித்த அறிக்கையே வந்திருக்கிறது.

மருந்துக்கடை முத்து:
ஆரம்பித்துவிட்டீர்களா மேடம்! மனைவியைக் கேளுங்கள், சரி. 12 வயதுப் பையனுக்கு வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது எதற்குச் சோதனை? பாசிட்டிவ் வந்தால் அந்த வயதில் நாலு மருந்தா கொடுப்பீர்கள்?

நுண்ணோக்கி:
பையனைப் பற்றி நான் எங்கே சொன்னேன்? குழந்தைகளுக்கான வழிகாட்டுதல் வேறு, தொந்தரவு இல்லாத பிள்ளைகளைச் சோதிக்க வேண்டாம் என்றுதான் அதில் இருக்கிறது. பையனுக்கு இருபது வயது ஆகட்டும், அப்போது உங்களோடு வைத்துக்கொள்கிறேன்.

மருந்துக்கடை முத்து:
அதுவரை நான் கடையில் இருந்தால் பார்ப்போம். தம்பி, 14 நாள் முடிந்து நான்கு வாரம் கழித்து மறுபடி மூச்சுச் சோதனை. கிருமி போயிற்றா என்று பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். முடிவை இங்கேயே போடுங்கள்.