ஏர் ரைஃபிளில் வேகம் குறைந்துவிட்டது, ஸ்பிரிங்கை மாற்றலாமா?

குடந்தை அப்பா:
எல்லோருக்கும் வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், 10 மீட்டர் ஓப்பன் சைட் (துப்பாக்கி மேலுள்ள திறந்த பள்ளம் வழியே குறி பார்ப்பது) பிரிவில் சுடுகிறாள். எங்களுடையது வாசலிலிருந்து கொல்லை வரை நீளும் பழைய வீடு. ரேழியில் நின்று பின்கட்டில் வைத்திருக்கும் மணல் பெட்டியைச் சுட இடம் சரியாக இருக்கிறது. ரைஃபிள் .177 அங்குலக் குழல், பேரலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரகம்.

ஐப்பசி மழை முழுக்க அது பெட்டியிலேயே இருந்தது. கார்த்திகையில் எடுத்தால் எல்லா ரவையும் குறிக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கீழே போகிறது. கோச்சிடம் குரோனோகிராஃப் (ரவையின் வேகத்தை அளக்கும் கருவி) வாங்கி 10 ரவை அளந்தேன். 118 முதல் 139 வரை வருகிறது, சராசரி நொடிக்கு 131 மீட்டர். ஆடியில் இதே 0.53 கிராம் ரவைக்குச் சராசரி 168 இருந்தது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. மாற்றிவிடலாமா?

வெண்ணாறு:
சார், எங்கே வைத்து அளந்தீர்கள்? வீட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் என்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள். அந்த லைட் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கிக்கொண்டே இருக்கும், குரோனோகிராஃபின் சென்சார் அதில் ஏமாந்துவிடும். பகல் வெளிச்சத்தில் தாழ்வாரத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள்.

திருவையாற்று அண்ணன்:
வெண்ணாறு சொல்வது சரிதான், ஆனால் இங்கே டார்கெட்டே சாட்சி சொல்கிறது. 168 வேகத்தில் கிளம்பும் ரவை 10 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.062 வினாடி. அதற்குள் 1.9 செ.மீ. இறங்கும். 131-இல் கிளம்பினால் 0.079 வினாடி, இறக்கம் 3.1 செ.மீ. வித்தியாசம் 1.2 செ.மீ. அவர் சொன்ன கணக்கு அப்படியே வருகிறது. ஏர் ரைஃபிள் அட்டையில் வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ.தான், அதனால் பிள்ளைக்கு ஒரு ரவைக்கு ஐந்து புள்ளி போகும். வேகம் உண்மையிலேயே குறைந்திருக்கிறது.

ஸ்பிரிங் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஸ்பிரிங் தளர்ந்தால் எல்லா ரவையும் ஒரே மாதிரி மெதுவாகப் போகும். உங்களுக்கு 118-க்கும் 139-க்கும் நடுவே 21 மீட்டர் ஊசலாட்டம். நல்ல ரைஃபிளில் இது நான்கைந்தைத் தாண்டாது. இப்படி ஊசலாடினால் காற்று எங்கேயோ கசிகிறது, இல்லையென்றால் ரவை குழலில் சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டு கேள்வி. ரவை டப்பா புதுசா, பழசா? எடுத்து வைக்கும்போதோ வெளியே எடுத்ததும் எண்ணெய் ஏதாவது விட்டீர்களா?

குடந்தை அப்பா:
பகலில் தாழ்வாரத்தில் மறுபடி அளந்தேன் அண்ணே, சராசரி 130. டப்பா அதேதான். கீழே இருக்கும் ரவைகளில் மட்டும் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது. எண்ணெய் விட்டது உண்மை. துரு பிடித்துவிடுமோ என்று பயந்து, பெட்டியிலிருந்து எடுத்த அன்றே பேரல் மடங்கும் இடத்திலுள்ள ஓட்டையில் தையல் மெஷின் எண்ணெய் நாலைந்து சொட்டு விட்டேன். முதல் நாள் சத்தம் அதிகமாக இருந்தது, லேசாகப் புகையும் வந்தது. வேகம் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

திருவையாற்று அண்ணன்:
அந்தப் புகைதான் விஷயம். பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்தும்போது அது கடுமையாகச் சூடாகும். உள்ளே சாதாரண எண்ணெய் இருந்தால் டீசல் என்ஜினில் நடப்பதுபோல் பற்றி எரியும். வேகம் இரண்டொரு நாள் எகிறும், பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் சீல் கருகும். அந்த ஓட்டையில் இனி எண்ணெய் விடவே வேண்டாம். தோல் சீல் உள்ள பழைய ரகத்துக்கு மட்டும், அதற்கென்றே விற்கும் சிலிக்கான் எண்ணெய் எப்போதாவது ஒரு சொட்டு போதும்.

இப்போது சுலபமானதை முதலில் பாருங்கள். வெள்ளை பூத்த ரவைகளைத் தனியாக எடுத்துவிடுங்கள். அது ஈயம், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். அப்புறம் பேரலும் உடலும் சேரும் இணைப்பின் மேல் டிஷ்யூ பேப்பரில் மெல்லிய கீற்று ஒன்றைக் கிழித்து வைத்து, ரவை போட்டு மணல் பெட்டியில் சுடுங்கள். கீற்று துள்ளினால் ப்ரீச் சீல், அதாவது அந்த இணைப்பில் காற்றை அடைக்கும் வளையம், கசிகிறது. ரவை இல்லாமல் சுட்டுவிடாதீர்கள், எதிர்க்காற்று இல்லாமல் பிஸ்டன் போய் மோதும், சீலும் ஸ்பிரிங்கும் கெடும். சீலைப் பார்க்கும்போது ஸ்பிரிங் ஏற்றியிருக்கக் கூடாது. ஏற்றிய நிலையில் பேரல் படாரென்று மூடினால் விரல் போய்விடும்.

மன்னைத் தம்பி:
அண்ணே, இந்த வேகம் வயலில் கொக்கு, மடையான் அடிக்கப் போதுமா?

திருவையாற்று அண்ணன்:
தம்பி, அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். வடுவூர் ஏரி உன் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே போய் அந்தப் பறவைகளை ஒரு காலை நேரம் நின்று பார். அட்டையில் சுட விருப்பம் இருந்தால் கேள், எல்லாம் சொல்லித் தருகிறேன்.

குடந்தை அப்பா:
கீற்று பறந்தே போய்விட்டது அண்ணே! சீலைக் குண்டூசியால் நெம்பி எடுத்தேன். கல்லாட்டம் இறுகி, ஓரத்தில் கீறல் விட்டிருக்கிறது. அதே அளவில் புது சீல் வாங்கிப் போட்டேன். அது பள்ளத்தில் கொஞ்சம் தாழ்ந்து உட்கார்ந்தது, அடியில் மெல்லிய காகித வளையம் ஒன்று வெட்டி வைத்ததும் கீற்று அசையவில்லை. நல்ல ரவைகளாகப் பொறுக்கி 10 அளந்தேன். 155 முதல் 159 வரை, சராசரி 157. ஆனால் பழைய 168 வரவில்லை. ஸ்பிரிங்தானா அது?

வெண்ணாறு:
ஊசலாட்டம் 21-இலிருந்து 4-க்கு வந்துவிட்டதே சார், அதுதான் பெரிய விஷயம்.

திருவையாற்று அண்ணன்:
ஆமாம், அட்டையில் ரவைகள் ஒரே இடத்தில் நெருங்கி விழுவது அதனால்தான். மிச்சமுள்ள 11 மீட்டருக்குப் பெரும்பாலும் எண்ணெயில் கருகிய பிஸ்டன் சீல்தான் காரணம். அதை வீட்டில் கழற்றாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்திலேயே இருக்கிறது, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் இல்லாமல் பின்மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். போட்டி முடிந்ததும் கோச்சுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஸ்பிரிங் எப்படி இருக்கிறது என்று அவர் திறந்ததும் பார்த்துச் சொல்லிவிடுவார். இப்போதைக்கு 157 போதும். ரவை முன்னைவிட ஒரு வளையம்தான் கீழே போகும், ரியர் சைட்டை, அதாவது பின்பக்கக் குறிகாட்டியை, கொஞ்சம் ஏற்றுங்கள். போட்டி வரை சைட்டையும் ரவையையும் மாற்ற வேண்டாம்.

குடந்தை அப்பா:
சைட்டை ஏற்றியாயிற்று. நேற்றுச் சாயங்காலம் 20 ரவை சுட்டாள், எல்லாம் அட்டையின் நடுக் கறுப்பு வட்டத்துக்குள் இருக்கிறது. ரவை டப்பாவை இப்போது மூடி போட்ட எவர்சில்வர் சம்புடத்தில் அரிசிப் பொட்டலத்தோடு வைத்திருக்கிறோம். பெட்டியில் வைக்கும்போது ரைஃபிளை வெளியே மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதுமா அண்ணே?

திருவையாற்று அண்ணன்:
போதும். பெட்டியின் நுரை மெத்தை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், மழைக் காலத்தில் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து மின்விசிறிக் காற்றில் ஆறவிடுங்கள். பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.