காந்தப் புயலை நேரில் உணர்ந்தவர்கள் எழுதுங்கள்

#1
சூரியன் கிளப்பி, பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கிய 2024 மே 10 புயல் என்றாலே எல்லோரும் துருவ ஒளிப் படமாகப் போடுகிறார்கள், என் மனத்தில் நிற்பதோ சுவரில் நகர்ந்த ஒரு சிவப்புப் புள்ளி. நூலில் தொங்கும் காந்தம், அதில் ஒட்டிய கண்ணாடித் துண்டு, அதன்மேல் லேசர், அவ்வளவுதான் ஏற்பாடு: பூமியின் காந்தப்புலம் அசைந்தால் காந்தம் திரும்பும், சுவரில் புள்ளி நகரும். தினமும் மெதுவாக ஊர்கிற புள்ளி அன்று சட்டென்று துள்ளி ஒதுங்கியது, அப்புறம் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. அறையில் காற்றில்லை, யாரும் நடக்கவும் இல்லை. சூரியனிலிருந்து 15 கோடி கிலோமீட்டர் தாண்டி வந்த ஒன்று இதைத் தள்ளுகிறது என்று நினைத்தால் இப்போதும் புல்லரிக்கிறது.

#2
காந்த சர்வே என் தொழில், கருவியோடு நடந்து காந்தப்புலத்தை அளந்து நிலத்தடிப் பாறையைத் தேடுவது. அதே புயலில் பேஸ் மேக்னட்டோமீட்டர் (ஒரே இடத்தில் நின்று காந்தப்புலத்தை அளக்கும் கருவி) நூறு நானோடெஸ்லாவுக்கு மேல் ஏறி இறங்கியது, நாங்கள் தேடிய பாறை காட்டுவதே சில பத்துதான். நிறுத்தலாம் என்றேன். "நடந்து எடுத்த அளவிலிருந்து பேஸைக் கழித்தால் சரியாகிவிடும், நட" என்றார் மேலே இருந்தவர். கழித்தோம், வரைபடத்தில் நடந்த பாதை நெடுக வரிவரியாகக் கோடு. அந்த ஆட்டம் பேஸிலும் தள்ளியிருக்கும் இடத்திலும் ஒரே மாதிரி இருக்காதே!

#3
எனக்கு ஷார்ட்வேவ் ரேடியோவில். நண்பகல், பேசிக்கொண்டிருந்தவரின் குரல் கரைந்து, பின்னணி இரைச்சலும் அடங்கிப்போய், ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்ட மாதிரி ஓர் அமைதி. சூரியன் எவ்வளவு வேகமாக அடிக்கிறது பாருங்கள்.

#4
#3, அது புயல் இல்லை, ஃப்ளேர், அதாவது சூரியனில் திடீரென்று வெடிக்கும் வெளிச்சம். அதன் எக்ஸ் கதிர் எட்டே நிமிடத்தில் வந்து அயனிமண்டலத்தின் (வளிமண்டலத்தின் மேலே மின்னேறிய பகுதி) அடியடுக்கைக் கெட்டிப்படுத்தும், அது உங்கள் அலையை விழுங்கிவிடும். புயலைக் கொண்டுவருவது சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும் பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயு, அதற்குப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள் பிடிக்கும், 1859-ல் வானியலாளர் கேரிங்டன் ஃப்ளேரைப் பார்த்தபோது கிளம்பியதோ 18 மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. வந்தாலும் அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் பூமியின் புலத்தோடு பிணைந்து ஆற்றல் உள்ளே இறங்கும். நான் பார்த்த புயல் 2003 அக்டோபர் கடைசியில், காந்தப் பதிவுக் கோடு திரை விளிம்பைத் தாண்டி ஓடிவிட்டது, அவ்வளவுதான்.

#1-க்கு ஒன்று: காந்தத்தை மூடிய பாட்டிலுக்குள் தொங்கவிடுங்கள், அடியில் செப்புத் தகடு வைத்தால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும். நூலில் முறுக்கு இருக்கக் கூடாது. இரும்பு பீரோ, ஸ்பீக்கர், வாசலில் நிற்கும் வண்டி எல்லாமே எதிரி. கண்ணாடி திருப்பத்தை இரண்டு மடங்காகக் காட்டும், கணக்கில் பாதியாக்குங்கள். சூரியன் அமைதியாக இருக்கும் நாளிலும் அயனிமண்டல மின்னோட்டத்தால் புள்ளி பகலில் ஊரும், முதலில் அதைச் சில வாரம் குறித்துவையுங்கள்.

#3
புயல் இல்லை, சரி. ஆனால் காந்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி எழுதாதீர்கள். அயனிமண்டலம் கெட்டியானால் அங்கே ஓடும் மின்னோட்டமும் கூடும். குரல் போன அதே நிமிடங்களில் காந்தப் பதிவிலும் ஒரு சின்ன மேடு இருந்தது, பகலாக இருந்த பக்கத்தில் மட்டும்.