காரில் உறங்கும் 61 வயதுக்காரருக்கு முதியோர் பராமரிப்பு கிடைக்குமா?

கேள்வி – மெல்பர்ன்_வாசகி

வணக்கம். மெல்பர்னின் மேற்குப் புறநகர் ஒன்றில் வார இறுதிகளில் உணவு வழங்கும் குழுவில் இருக்கிறேன். அங்கு வரும் ஒருவர், வாடகை வீட்டை இழந்த பிறகு தம் காரிலேயே உறங்குகிறார். வயது 61. காலில் ஆறாத புண் இருக்கிறது. போன வாரம் பேசியது இந்த வாரம் அவருக்கு நினைவில் இருப்பதில்லை. உறவினர் எவரும் இல்லை. ஓர் அறை மட்டும் தேடித் தந்தால் போதாது, அன்றாடப் பராமரிப்பும் வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஆனால் 65 வயது நிறையாதவருக்கு முதியோர் பராமரிப்பு கிடைக்காது என்கிறார்கள். அவரோ, உள்ளே சேர்த்துப் பூட்டிவிடுவார்கள் என்று அஞ்சுகிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1 – களப்பணியாளர்

65 என்பது பொது விதி. வீடற்றவர்களும் வீட்டை இழக்கும் நிலையில் உள்ளவர்களும் 50 வயதிலிருந்தே பராமரிப்புத் தேவைக்கான மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். தெருவிலும் காரிலும் வாழ்பவர்களின் உடல் முன்னதாகவே முதுமை அடைந்துவிடுவதுதான் இதற்குக் காரணம். காரில் உறங்குவதும் வீடின்மையே என்பதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

அவரிடம் அரசின் முதியோர் பராமரிப்புத் தொடர்பு மையமான 'மை ஏஜ்டு கேர்' எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். நினைவு தடுமாறும் ஒருவர், மின்னேற்றம் இல்லாத கைபேசியுடன், நீண்ட கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொல்வார்? துணைக்கு யாரும் இல்லாத இத்தகையவர்களுக்காகவே 2023 ஜனவரி முதல் 'கேர் ஃபைண்டர்' சேவை இயங்குகிறது. அவர் இருக்கும் இடத்துக்கே வந்து பேசி, படிவங்களை நிரப்பி, மதிப்பீட்டின்போது உடனிருந்து, சேவை தொடங்கிய பிறகும் நிலைமையைக் கேட்டறிவது அவர்களின் பணி, கட்டணம் இல்லை. முதல் சந்திப்பை உங்கள் உணவு மையத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அவர் நம்பி வரும் இடம் அதுதான். இதற்கிடையில் புண்ணையும் மறதியையும் ஒரு மருத்துவர் பார்த்து எழுதித் தந்தால் மதிப்பீட்டுக்கு அது பெரிதும் உதவும்.

பதில் 2 – தென்றல்

பணத்தைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். முதியோர் இல்லத்தின் அடிப்படை நாள் கட்டணம், தனிநபர் முதியோர் ஓய்வூதியத்தின் அடிப்படைத் தொகையில் 85 விழுக்காடு. அந்த ஓய்வூதியம் 67 வயதில்தான் தொடங்குகிறது. 61 வயதில் வேலையற்றோருக்கான 'ஜாப்சீக்கர்' உதவித்தொகை பெறுபவருக்கு அந்தக் கட்டணம் அத்தொகையையே விஞ்சிவிடும். ஆகவே மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டா என்று அரசு உதவித்தொகைகளை வழங்கும் சென்டர்லிங்கில் உடனே கேளுங்கள். இல்லையெனில் நிதி நெருக்கடி உதவிக்கு விண்ணப்பியுங்கள். வருமானமும் சொத்தும் மிகக் குறைவாக உள்ளவர்களின் தங்குமிடச் செலவை அரசே ஏற்கிறது என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். இது தெரியாமல் அச்சத்திலேயே மறுப்பவர்கள் உண்டு.

பதில் 3 – மூத்த செவிலியர்

எந்த இல்லம் என்பதே என் பார்வையில் முதன்மையான கேள்வி. உங்கள் நகரில் 1989இல் பிரையன் லிப்மன் நிறுவிய 'விண்ட்ரிங்காம்', வீடற்ற முதியவர்களுக்காகவே இயங்குகிறது. அதன் பணிக்கு 2011இல் ஐ.நா. வாழ்விட அமைப்பின் விருது கிடைத்தது. வீடற்றவர் என்ற அடையாளத்துக்கு முன் அவர் ஒரு முதியவர், மற்ற முதியவர்களுக்குரிய பராமரிப்பு அவருக்கும் உரியது என்பதே அந்நிறுவனத்தின் நிலைப்பாடு. இத்தகைய இடங்களில் சமையற்கூடத்தையும் தோட்டத்தையும் அவர் முதலில் பார்த்து வரட்டும்.

மெல்பர்ன்_வாசகி

மிக்க நன்றி. எல்லாம் பார்த்த பின்பும் அவர் வேண்டாம் என்றால்?

மூத்த செவிலியர்

மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. மறதி இருப்பதனாலேயே ஒருவர் முடிவெடுக்கும் திறனை இழந்தவர் ஆகிவிடமாட்டார். உங்கள் விக்டோரியா மாநிலத்தில் தீர்ப்பாயத்தின் வழியே, அவர் சார்பில் முடிவெடுக்கும் காப்பாளரை நியமிக்க இயலும் என்றாலும், அவரது உயிருக்கே ஆபத்து நேர்ந்து, வேறு வழியே இல்லாதபோது மட்டுமே அதை நாட வேண்டும். அதுவரை புண்ணுக்கு மருந்திட வரும் செவிலியர், குறுகிய காலத் தங்குமிடம் என்று அவர் ஏற்கும் உதவியிலிருந்து தொடங்குங்கள். சேர்ந்துவிட்டால், முதல் சில வாரங்கள் உங்களில் ஒருவர் தவறாமல் போய்ப் பாருங்கள். பழகிய முகம் எதுவும் இல்லாத அந்த நாட்களில்தான் பலர் வெளியேறிவிடுகிறார்கள்.