குழந்தை கட்டிப்பிடித்தபோது நாய் என்ன செய்தது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

வெயில்நேரம்
அக்கா வீட்டு நாய், யாரையும் கடித்ததில்லை. அக்கா மகன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் கன்னம் வைத்தான். சுற்றி நின்ற எல்லோர் கையிலும் போன். நாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பியது, மூக்கை நக்கியது, கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறையாகத் தெரிந்தது. வால்கூட ஆடிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் ஒரே கவ்வு, உதட்டோரம் தையல். வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூக்கு நக்கலில்தான் நிறுத்துகிறேன், 'என்னை விடு' என்று அது சொன்ன இடம் அதுதான்.

கிளிஞ்சல்
எங்களுக்கு நேர் எதிர். பூங்காவில் கட்டில்லாத நாய் ஒன்று மகளை நோக்கிப் பாய்ந்து வந்தது. 'மரமாக நில்' பாடம் அவளுக்குத் தெரியும். ஓடவில்லை, கத்தவில்லை. கைகளைக் கோத்து உடம்போடு ஒட்டிக்கொண்டு தன் காலையே பார்த்தாள். நாய் முழங்கையை முகர்ந்தது, செருப்பை முகர்ந்தது, போய்விட்டது. "போயிடுச்சாம்மா?" என்று தலையைத் தூக்காமலே கேட்டாளே, அந்தக் குரல்தான் இன்னும் என்னை விடவில்லை.

பழையகைப்பிடி
வெயில்நேரம், 'யாரையும் கடித்ததில்லை' என்பதெல்லாம் ஒரு சான்றிதழா? கடிக்கும் வரை எந்த நாயும் கடித்ததில்லைதான். சின்னப் பிள்ளைகளைப் பெரும்பாலும் கடிப்பது தெரிந்த நாய். கடி முகத்தில் விழுகிறது, அவர்கள் உயரம் அப்படி.

என் கதை சின்னது. அண்ணன் மகன் தட்டில் கை வைத்தான், நாய் உறுமியது, அண்ணன் நாயை அடித்தார். அடுத்த முறை அது உறுமவே இல்லை, நேராகக் கடித்தது. உறுமலை அடித்து நிறுத்தினால் எச்சரிக்கைதான் போகும், கோபம் போகாது.

சாப்பிடும், தூங்கும், குட்டி போட்ட நாய்ப் பக்கம் பிள்ளை போகக் கூடாது. தடவ ஆசையா? நாய்க்காரரிடம் கேட்கட்டும், பிறகு பக்கவாட்டில் நின்று நாய் தானாக வரட்டும். தலைக்கு மேல் கை வேண்டாம். மார்புப் பக்கம் 3 நொடி தடவிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். திரும்ப ஒட்டி வந்தால் சரி, நகர்ந்தால் அத்தோடு முடிந்தது. நாய் தள்ளிவிட்டால் சுருண்டு படுத்து, கைகளால் கழுத்தையும் காதையும் மூட வேண்டும். பொம்மை நாயை வைத்து நடித்துப் பழக்குங்கள், சொன்னால் மட்டும் நிற்காது. தவழும், தத்தும் வயதில் அதுவும் உதவாது. பெரியவர் ஒருவர் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

வெயில்நேரம்
அனுபவம் கேட்டேன், வகுப்பு கேட்கவில்லை. ஆனால் உறுமல் விஷயம் அக்காவுக்கு அனுப்பிவிட்டேன்.

மணல்மேடு
நீங்கள் எல்லோரும் கடிக்கு முன்னால் நடப்பதைத்தான் பேசுகிறீர்கள், நான் அதற்குப் பின்னால் நடந்ததைச் சொல்கிறேன். என் மகன் கீறலை மறைத்துவிட்டான். 'நாய்கிட்ட போனா தோலை உரிச்சிடுவேன்' என்று தாத்தா மிரட்டி வைத்திருந்தார். குளிப்பாட்டும்போது தண்ணீர் பட்டு முகம் சுளித்தான், அப்போதுதான் தெரிந்தது. சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடி ஊசிக்கு ஓடினோம். மரம் போல நிற்கச் சொல்லும்போதே, நகம் பட்டாலும் வந்து சொல், திட்ட மாட்டோம் என்றும் சொல்லி வையுங்கள். வெயில்நேரம், தையலுக்கு முன் காயத்துக்குள் இம்யூனோகுளோபுலின் (வெறிநாய்க்கடிக் கிருமியை உடனே தடுக்கும் எதிர்ப்பு மருந்து) போட்டார்களா?

வெயில்நேரம்
போட்டார்கள். அதற்கப்புறம்தான் தையல்.