துப்பாக்கியைத் தூக்காமலே நிறைந்த வான்கோழி வேட்டை

மிசோரியிலிருந்து:

அமெரிக்காவின் இந்த மிசோரி மாநிலத்தில் வசந்தகால வான்கோழி வேட்டை ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை தொடங்கி மூன்று வாரம் நடக்கும். முடிந்ததும் எல்லோரும் கேட்பது, "எத்தனை கிடைச்சது?" எனக்குப் பிடித்த காலைகள் எதுவும் அந்தக் கணக்கில் வராது. வான்கோழி துப்பாக்கிக்கு எட்டும் தூரத்தில் நின்றும் சுடாமல் விட்ட காலைகள் அவை. அதில் ஒன்றை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

புதியவர்களுக்காக ஒன்று. இது பின்தொடர்ந்து போகும் வேட்டை இல்லை. நம் தோளைவிட அகலமான மரமாகப் பார்த்து முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பெட்டை மாதிரி குரல் கொடுத்து ஆண் பறவையை வரவழைக்க வேண்டும். காட்டில் இயல்பாக நடப்பது இதற்கு நேர் எதிர். ஆண் நின்ற இடத்தில் நின்று கூவும், பெட்டைதான் அதைத் தேடிப் போகும். அதனால் எவ்வளவு ஆசையாகப் பதில் கொடுத்தாலும், அறுபது கெஜத்தில் வந்து ஆண் நின்றுவிடும். இனி நீ வா என்று காத்திருக்கும். ஷாட்கன்னுக்கு (சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் துப்பாக்கி) அது நாற்பது கெஜத்துக்குள் வந்தாக வேண்டும். நடுவில் இருக்கும் அந்த இருபது கெஜம்தான் மொத்த வேட்டையும். வான்கோழிக்கு மோப்பம் அவ்வளவாகக் கிடையாது, கண் மட்டும் பயங்கரம். தலையைத் திருப்பாமலே சுற்றிலும் முக்கால் பங்கைப் பார்த்துவிடும். முகத்தில் உட்காரும் கொசுவை ஓட்டக்கூடக் கை அசைக்க முடியாது.

அன்று போனது ஓசார்க் மலைப் பக்கம், மார்க் ட்வைன் தேசியக் காட்டுக்கு. ஓக் மரங்கள் பாதிதான் இலை விட்டிருந்தன, டாக்வுட் வெள்ளையாகப் பூத்திருந்தது. இருட்டிலேயே விப்-புவர்-வில் பறவைகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் ஆந்தை ஒன்று அலற, மேட்டு மரத்தில் அடைந்திருந்த ஆண் உடனே கூவியது. இந்தப் பருவத்தில் ஆந்தையோ காக்கையோ இடியோ, திடீர்ச் சத்தம் எதற்கும் அவை தன்னையறியாமல் கூவிவிடும். நான் ஸ்லேட் பலகையில் குச்சியைத் தேய்த்து, தூக்கம் கலைந்த பெட்டையின் சன்னக் குரலைக் கொடுத்தேன். முடிப்பதற்குள் பதில் வந்தது.

பிறகு படபடவென்று இறங்கும் சத்தம். கூடவே பெட்டைகளும் இறங்கின, கூட்டமாக மேட்டைத் தாண்டிப் போய்விட்டன. பெட்டைகள் பக்கத்தில் இருக்கும்போது ஆண் நம்மைத் திரும்பிப் பார்க்காது. பலர் இந்த இடத்தில்தான் எழுந்து வேறு மேட்டுக்குப் போவார்கள். எனக்கு உட்கார்ந்திருப்பதில்தான் நம்பிக்கை. வெயில் ஏற ஏறப் பெட்டைகள் ஒவ்வொன்றாக முட்டையிடப் போய்விடும், ஆண் தனியாகிவிடும், அப்போது காலையில் கேட்ட குரல் அதன் நினைவுக்கு வரும். பொது நிலத்தில் மதியம் ஒரு மணிக்கு வேட்டை முடிந்துவிடும். அதுவரைக்கும் பொறுக்கலாம் என்று இருந்தேன்.

ஒன்பது மணிக்கு மேல், அந்த ஆண் கூவாமலே வந்தது. முதலில் காதுக்கு எட்டியது அதன் உறுமல்தான். ஒரு சின்னத் துப்பல் சத்தம், அதைத் தொடர்ந்து தரையில் ஓடுவது போல ஆழமான அதிர்வு. பக்கத்தில் இருந்தால் மட்டும்தான் அது கேட்கும், கேட்பதைவிட நெஞ்சில் உணர்வது அதிகம். அப்புறம் புதருக்குப் பின்னாலிருந்து விரித்த வால், இறக்கைகள் தரையைக் கீறி இழுபட, முழு உருவமும் வெளியே வந்தது. தலை ஒரு கணம் வெளுத்து, மறுகணம் கழுத்தெல்லாம் சிவந்து, கண்ணைச் சுற்றி நீலம் ஏறியது. நெஞ்சில் நீளமான தாடி (மயிர்க்கற்றை போலத் தொங்கும் இறகு), காலில் முள். நம் ஊரில் வான்கோழி ஆட்டம் என்றால் மயிலின் போலி என்று கேலியாகச் சொல்வோம். வெயிலில் அந்த இறகுகள் செம்பும் பச்சையும் பொன்னுமாக மாறுவதைப் பார்த்தவருக்கு அந்தக் கேலி வாயில் வராது.

இருபத்தைந்து கெஜம். தாடி தெரிகிறது, பின்னால் வேறு பறவை இல்லை. துப்பாக்கி முழங்காலில் தயாராக இருந்தது. நான் விசையைத் தொடவில்லை. எனக்கு இறைச்சி வேண்டாம் என்று இல்லை. வேறு வருடங்களில் சுட்டிருக்கிறேன், அதன் தொடைக்கறியைப் பொறுமையாக வேகவைத்து வீட்டில் எல்லோரும் சாப்பிட்டிருக்கிறோம். அன்று அது பெட்டையைத் தேடிய விதம் என்னைப் பிடித்து நிறுத்தியது. நாலு அடி நடக்கும், விரிக்கும், சுருக்கிக் கழுத்தை நீட்டிப் பார்க்கும். என் மரத்தை அரைவட்டமாகச் சுற்றி வந்தது. அடுத்து என்ன செய்யும் என்று பார்க்கும் ஆசை, சுடும் ஆசையைவிடப் பெரிதாக இருந்தது. கால் மணி நேரத்துக்கு மேல் அப்படியே போனது. கடைசியில் என் துப்பாக்கிக் குழல் துளி அசைந்திருக்க வேண்டும். 'பட்' என்று ஒரு எச்சரிக்கைக் குரல், சட்டென்று இறகை ஒடுக்கிக்கொண்டு சரிவில் ஓடிவிட்டது.

இதைக் காருண்யம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வசந்தத்தில் தாடி உள்ளதை மட்டும் அனுமதிப்பதே, ஆண்கள் கொஞ்சம் குறைந்தால் இனம் குறையாது என்பதால்தான். அந்த இருபது கெஜத்தை அது கடந்தபோதே என் வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் காட்டில் அது நிற்பதே லேசான விஷயம் இல்லை. 1950களின் தொடக்கத்தில் மிசோரி முழுவதிலும் சுமார் 2,500 வான்கோழிகள்தான் மிஞ்சியிருந்தன. பண்ணையில் வளர்த்து விட்டவை காட்டில் பிழைக்கவில்லை. 1954 முதல் பெக் ராஞ்ச் பகுதியில் காட்டுப் பறவைகளையே வலை போட்டுப் பிடித்து, மாநிலம் எங்கும் கொண்டுபோய் விட்டார்கள். 1960இல் வேட்டை மறுபடி தொடங்கியபோது 14 கவுண்டிகளில் 3 நாள் மட்டும் அனுமதி, கிடைத்தவை 94. வேட்டை உரிமக் கட்டணமும், துப்பாக்கி, தோட்டா மீதான வரியும் 1937 சட்டப்படி இந்த மாதிரி வேலைகளுக்குப் போகின்றன. சுட்டாலும் சுடாவிட்டாலும் உரிமம் வாங்கிவிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பென்சில்வேனியாவிலிருந்து:

அண்ணா, உங்களுக்கு ஆண் வந்தது, எனக்கு வந்தது பெட்டை. இங்கே வசந்த சீசனில் குரல் கொடுத்து மட்டும்தான் வேட்டையாடலாம், பதுங்கிப் போவது சட்டப்படி குற்றம். அதனால் குரல்தான் எல்லாம். மே மாதம், மேட்டில் ஒரு ஆண் கூவிக்கொண்டிருந்தது. நான் பாக்ஸ் கால் (box call) என்னும், மூடியைத் தேய்த்துக் குரல் எழுப்பும் மரப்பெட்டியால் கூப்பிட்டேன். நடுவில் ஒரு பெட்டை கோபமாகக் குறுக்கே வந்தது. நான் என்ன சொன்னாலும் அதையே இன்னும் உரக்க, இன்னும் வேகமாகத் திருப்பிச் சொன்னது. நானும் விடவில்லை. அது சொன்னதை அப்படியே சொன்னேன். சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி மாதிரி கத்திக்கொண்டே நேரே நடந்து வந்து, என் பூட்ஸுக்குப் பக்கத்தில் நின்று, எங்கே அவள் என்று தேடியது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

அதன் பின்னால் ஆணும் வந்தது, ஆனால் புதருக்குள்ளேயே நின்றது. சிவந்த தலை மட்டும் தெரிந்தது. தாடி தெரியாமல் நான் சுட மாட்டேன். சிவப்பு, வெள்ளை, நீலம் எதையும் வேட்டைக்கு உடுத்தாதீர்கள் என்று பயிற்சியில் சொல்லித்தருவதன் காரணமே, நிறத்தை மட்டும் பார்த்து மனிதரைச் சுட்டுவிடக் கூடாது என்பதுதான். இரண்டும் சேர்ந்து போய்விட்டன. குரலின் தாளம் எங்கே வேகம் எடுக்கிறது, எங்கே உடைகிறது என்பதை எந்த வீடியோவும் எனக்கு அப்படிச் சொல்லித்தந்ததில்லை. அன்றைக்கு என் வாத்தியார் அந்தப் பெட்டைதான். இப்போதும் அதன் தாளத்தில்தான் பெட்டி மூடியை இழுக்கிறேன்.

விஸ்கான்சினிலிருந்து:

இருவருக்கும் நன்றி. நான் இன்னும் துப்பாக்கி வாங்கவில்லை, வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் மட்டும் இருக்கிறது. இங்கே சீசனை ஏழு ஏழு நாளாகப் பிரித்து அனுமதி தருகிறார்கள். முதல் வருடம் வெறுமனே கேட்கப் போகலாமா?

மிசோரியிலிருந்து:

தாராளமாகப் போங்கள் தம்பி. சீசனுக்கு முன்னால் போவதே நல்லது. விடிவதற்கு அரைமணி முன்னால் மேட்டில் நின்று காது கொடுங்கள், எந்தப் பக்கம் அடைகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆந்தை மாதிரி குரல் கொடுத்துப் பார்க்கலாம், பெட்டைக் குரலை மட்டும் அப்போது கொடுக்காதீர்கள். ஏமாந்த ஆண் உஷாராகிவிடும், பின்னால் வருகிறவருக்கும் கஷ்டம். சீசன் நடக்கும்போது போனால் நடக்கையில் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். இடம் முடிவானதும் இங்கே எழுதுங்கள், வரைபடத்தைப் பார்த்து எந்த மேட்டில் நிற்கலாம் என்று சொல்கிறேன்.